கடைசி எழுத்து வரை

மாலை ஆறே முக்காலுக்கு ரேடியோவைத் திறந்தால் ஏழேகால் வரை அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஹவ்வா உம்மா போட்ட சட்டம் அது. மஃரிப் தொழுத பாயைச் சுருட்டாமலேயே முன்னறைக்கு வந்து நிலத்தில் குந்திவிடுவாள். அவளுடைய மருமகன் உசனார் ரேடியோவை மடியில் வைத்துக் காதை அதன்மேல் சாய்த்துக்கொள்வான். அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் தகப்பனின் முகத்தையே பார்த்தபடி இருப்பார்கள். ரேடியோ சொல்வது நல்லதா கெட்டதா என்பதை அவர்கள் அந்த முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி. குவைத்துக்குள் ஈராக் படை புகுந்து மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. உசனாரின் மனைவி ஸகியா அங்கே ஒரு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருசம். அவளுடைய கடைசிக் கடிதம் ஜூன் தொடக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு ஓட்டமாவடிக்கு யாருடைய கடிதமும் வரவில்லை. இங்கேயும் சண்டை மூண்டு, தபால் நின்று, கரண்ட் நின்று, டெலிபோன் கம்பிகள் அறுந்து தொங்கின. உசனார் கூலிக்குப் போய்வந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலையிலும் வேலை இல்லை.

அவர்களுக்கு மிஞ்சியிருந்தது வானொலியின் அந்த அரை மணி நேரம் ஒன்றுதான். பாலைவனத்தைத் தாண்டி ஜோர்தான் முகாமுக்கு உயிரோடு வந்துசேர்ந்த பெண்களின் பெயர்களை ஓர் அறிவிப்பாளர் வாசித்தாள். பெயர், தகப்பன் பெயர், ஊர். பட்டியல் இங்கிலீசு எழுத்து வரிசையில் இருந்தது. அரை மணியில் முடியாததை மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஸகியாவின் பெயரை ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில் இசட் எழுத்தில் தொடங்கி எழுதிவிட்டிருந்தான். அதனால் உசனார் ஒவ்வொரு பட்டியலுக்கும் அடிமட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பட்டியல் முடிய மூன்று நாள் எடுத்தது. மூன்றாம் நாள் ஏழு மணி பன்னிரண்டுக்கு அறிவிப்பாளர், "ஸைனப்" என்றாள். உசனார் காதை ரேடியோவோடு அழுத்தினான். அடுத்ததாக, "ஸுபைதா" என்றாள். அத்தோடு பட்டியல் முடிந்தது.

"நாளைக்கு வேற லிஸ்ட் வரும், மாமி," என்றான் உசனார்.

"வரும், வரும்," என்று ஹவ்வா உம்மா பாயைச் சுருட்டப் போனாள்.

அந்தக் கிழமையில் ஒருநாள் மத்தியானம், வாவிக் கரையில் உசனார் வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஒரு சின்னத் தோணி கண்டல் மரங்களுக்குள் வந்து நின்றது. அதில் முக்காடு போட்டுக் குனிந்து இருந்தவள் சின்னத்தங்கம். வாழைச்சேனைத் தமிழ்ப் பக்கத்துக்காரி. அவளுடைய மகள் கண்ணகையும் ஸகியாவும் ஒரே விமானத்தில் குவைத்துக்குப் போனவர்கள். முஸ்லிம் பெண்களைத்தான் அனுப்புவோம் என்று ஏஜென்சி சொன்னதால் கண்ணகை, கைறுன்னிஸா என்ற பெயரில் பாஸ்போட் எடுத்துப் போயிருந்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வருவதும், இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போவதும் உயிரைக் கையில் பிடிக்கிற வேலையாகிப் போயிருந்தது. இரண்டு பக்கத்திலும் வெட்டும் துவக்குச் சூடும் விழுந்திருந்தன.

"அக்கா, ஒங்களுக்குப் பைத்தியமா? ஆரும் கண்டா என்ன நடக்கும்?"

"நடக்கிறது நடக்கட்டும், தம்பி. எங்கட பக்கத்தில ஒரு வீட்டிலயும் பெட்டரி இல்ல. என்ட புள்ளைர பேர் சொன்னாங்களா?"

"முதல் லிஸ்ட்ல இல்ல. ரெண்டாவது இப்பதான் தொடங்கினது. இன்னும் கே எழுத்து வரல்ல."

"கண்ணகை எண்டு கேட்டிராத, தம்பி. கைறுன்னிஸா எண்டு கேளு."

"அந்தப் பேர எழுதிக் குடுத்ததே நான்தானே, அக்கா. மறப்பனா?"

சின்னத்தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் தோணியைக் காலால் தள்ளி விட்டான்.

அன்று மாலை அறிவிப்பாளரின் குரல் வழக்கம்போல் தொடங்கவில்லை. செலவுச் சிக்கனத்தை முன்னிட்டு நிகழ்ச்சிகளின் நேரங்கள் திருத்தி அமைக்கப்படுவதாகவும், இன்று முதல் இந்த நிகழ்ச்சி பத்து நிமிடங்களே ஒலிபரப்பாகும் என்றும் வாசித்தாள். பிறகு பெயர்களை வழக்கத்தைவிட வேகமாக வாசிக்கத் தொடங்கினாள். பத்து நிமிடம் முடிந்ததும் ஒரு பெயரின் பாதியில் பாட்டு வந்து விழுந்தது.

மறுநாள் அவள் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. புதிய பட்டியல் வந்திருந்தது. அதை முதலிலிருந்து தொடங்கினாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஏ, பீ, சீ என்று போய் பாத்திமாக்கள் வந்ததும் நேரம் முடிந்துபோகும். ஜோர்தான் முகாமில் எத்தனை பாத்திமாக்கள்! பாத்திமாக்களைத் தாண்ட அந்தப் பத்து நிமிடம் ஒருநாளும் போதவில்லை. அதற்குக் கீழே இருந்த பெண்கள் எல்லாரும் செத்தவர்களா, இருக்கிறவர்களா என்று தெரியாமல் போனார்கள்.

"கெதியா வாசிக்கச் சொல்லுங்க வாப்பா," என்றாள் மூத்த மகள். ரேடியோவோடு பேச முடியாது என்று அவளுக்கு விளங்கப்படுத்த உசனாருக்கு மனம் வரவில்லை.

இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் பத்து நிமிடமும் இல்லை. அறிவிப்பாளர் ஒரே ஒரு பந்தி வாசித்தாள். செலவுச் சிக்கன நடவடிக்கைகள் காரணமாக இந்த நிகழ்ச்சி இன்றுடன் நிறுத்தப்படுகிறது, பெயர்ப் பட்டியல்களைக் கொழும்பிலுள்ள எமது அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் வார நாட்களில் பார்வையிடலாம், நேயர்கள் பொறுத்தருள்க. பிறகு பாட்டு.

ஹவ்வா உம்மாவுக்குச் சிக்கனம் என்ற சொல் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள்.

"வாயாலதானே வாசிக்கிற? அதுக்கென்ன செலவு? பாட்டுப் போட ஏலும், புள்ளைகள்ர பேர் சொல்ல ஏலாதா?"

உசனார் ரேடியோவை மூடினான். மூடிய பிறகும் கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். கொழும்புக்குப் போகிற ரயிலைக் கடைசியாக மே மாதத்தில் பார்த்தது. அறிவித்தல் பலகை நிலாவில் இருப்பதும் கொழும்பில் இருப்பதும் அவனுக்கு ஒன்றுதான். அன்றிலிருந்து ஹவ்வா உம்மா சோற்றுக் கோப்பையை ஒரு பிடியோடு தள்ளி வைக்கத் தொடங்கினாள்.

ஆனால் பொலன்னறுவையில் டெலிபோன் வேலை செய்தது. புதன்கிழமை இராணுவ வாகனத் தொடரோடு சேர்ந்து கச்சி முகம்மதுவின் லொறி நெல் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது. உசனார் அவரிடம் போய் நின்றான்.

"போன் பண்ணி என்ன செய்யப் போற, தம்பி? ரேடியோக்காரன் ஒனக்கு மட்டும் வாசிப்பானா?"

"கெஞ்சிக் கேப்பன், நானா. வேற என்ன வழி இரிக்கி?"

கச்சி முகம்மது தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "நெல்லு மூட்டைக்கு மேல குந்திக்க. கூரை வளையில தொங்கிற மாதிரித்தான் இரிக்கும்."

செய்தி எப்படிப் பரவியதோ, செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குள் உசனாரின் வாசலில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். உம்மாமார், புருசன்மார், கைக்குழந்தையோடு ஒரு தங்கச்சி. ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் கொண்டுவந்தார்கள். பாஸ்போட்டில் உள்ள பெயர், தகப்பன் பெயர், ஊர். உசனார் மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பதினாறு பெயர்களை எழுதினான். தமிழ்ப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது. பதினேழாவதாகக் கைறுன்னிஸாவை அவனே எழுதிக்கொண்டான். தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

வழியில் மூன்று இராணுவச் சென்றிகள்; மூன்றிலும் லொறியை மறித்துச் சோதிப்பார்கள். முதலாவதில் நெல்லைக் குத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள். இரண்டாவதில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு இளம் சிப்பாய் உசனாரின் பையைத் தட்டி அந்தத் தாளை எடுத்து விரித்தான். தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் பெயர்களின் பட்டியல் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"மே மொகத?"

இது என்ன என்று கேட்கிறான். உசனாருக்குச் சந்தைச் சிங்களம் கொஞ்சம் வரும். இப்போது அதுவும் துண்டு துண்டாகத்தான் வந்தது. "குவைட், மஹத்தயா... அப்பே நோனாலா... குவைட்... ரேடியோ..." குவைத்தில் எங்கள் பெண்கள், ஐயா என்று சொல்லப் பார்த்தான்.

"ரேடியோ?" என்று சிப்பாயின் முகம் மாறியது. சண்டைக் காலத்தில் பெயர்ப் பட்டியலோடும் ரேடியோ என்ற சொல்லோடும் ஒரு ஆள் நிற்கிறான். இன்னொருவன் துவக்கோடு வந்தான். உசனாரை முழந்தாளிட வைத்தார்கள். கச்சி முகம்மது ஓடிவந்து தனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் ஒவ்வொரு பெயராக, இது இன்னாரின் மகள், இது இவனுடைய மனைவி என்று விளங்கப்படுத்தினார். வெயில் தலையைப் பிளந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு அதிகாரி ஒருவர் வந்து கேட்டுவிட்டு, போகச் சொன்னார். தாளை மட்டும் கொடுக்கவில்லை. விசாரித்துவிட்டுத் தருவார்களாம்.

லொறி புறப்பட்டதும் உசனார் நெல் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பெயர்களைத் தேடினான். மனம் வெறும் சட்டியாகக் கிடந்தது. ஸகியா, கைறுன்னிஸா. மற்றப் பதினைந்தும் போய்விட்டன. பிறகு ஒரு வழி தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு ஊருக்குள் நடந்தான். பாலத்தடியில் தொடங்கினான். முதல் வீடு மஜீட் மாஸ்டரின் வீடு; அவருடைய தங்கச்சி சித்தி நபீஸா. அடுத்தது கிணற்றடி வீடு. அடுத்தது தையல்காரியின் வீடு. வேலிகளையும் படலைகளையும் தொட்டுத் தொட்டு நடந்தபோது பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்பதாவது அவனுடைய வீடு. எல்லா வீடுகளையும் முடித்துவிட்டு, வாவியைத் தாண்டி, கைறுன்னிஸா. எண்ணிப் பார்த்தால் பதினைந்துதான். திரும்பவும் பாலத்தடியிலிருந்து நடந்தான். பதினைந்துதான். பொலன்னறுவை வரைக்கும் நடந்துகொண்டே இருந்தான். எந்தச் சந்துக்குள் போக மறந்தானோ, அந்தச் சந்து திறக்கவே இல்லை.

தபால் கந்தோரில் ட்ரங்க் கோலுக்கு இரண்டு மணி நேரம் வரிசை. கண்ணாடி போட்ட லிகிதர் புத்தகத்தில் தேடி வானொலி நிலையத்தின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். மூன்று நிமிடம் என்று விரலைக் காட்டினார்.

"அந்த நிகழ்ச்சி நிண்டு போச்சு," என்றது ஒரு ஆண் குரல்.

"தெரியும் சேர். நிண்டதாலதான் ஓட்டமாவடியிலயிருந்து வந்து பேசுறன். அத வாசிச்ச மிஸ்ஸ ஒருக்காக் கூப்பிடுங்க. அல்லாவுக்காக, சேர்."

அந்தப் பக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம். யாரோ நடக்கும் சத்தம். ஒரு நிமிடம் முழுதாகப் போனது. பிறகு அந்தக் குரல் வந்தது. ரேடியோவில் கேட்டதைவிடச் சின்னதாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மிஸ், லிஸ்ட் இப்பவும் வருதா?"

"ஒவ்வொரு நாளும் வருது, ஐயா. மெசினிலிருந்து விழுந்துகொண்டே இருக்கு. வாசிக்கத்தான் விடுறாங்க இல்ல."

"எனக்குப் பதினஞ்சு பேர் மிஸ். எழுதுவீங்களா?"

"சொல்லுங்க. கெதியாச் சொல்லுங்க."

மனைவியின் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் வரிசையை மாற்றினால் மற்ற எல்லாம் கலைந்துவிடும் என்று பயந்தான். பாலத்தடியிலிருந்தே தொடங்கினான். அவள் ஒவ்வொரு பெயரையும் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்லி எழுதினாள். பதினைந்தாவது பெயரின் தகப்பன் பெயரைச் சொல்லும்போது லிகிதர் கையைக் காட்டினார். "ஒரு மணித்தியாலத்தில எடுங்க," என்ற சொல்லோடு தொடர்பு அறுந்தது.

அந்த ஒரு மணித்தியாலம் உசனார் தபால் கந்தோரின் படியில் குந்தியிருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாவது கோல் கிடைத்தபோது அவள் முதல் மணிக்கே எடுத்தாள்.

"ஐயா, எழுதிக்கொள்ளுங்க. ஒன்பது பேர் முகாமுக்கு வந்துட்டாங்க."

ஒன்பது பேரையும் சொன்னாள். சித்தி நபீஸா இருந்தாள். கைறுன்னிஸா இருந்தாள். லிகிதர் கொடுத்த பேனையால் உசனார் உள்ளங்கையில் அடையாளம் போட்டான். ஒன்பதாவது பெயரோடு அவள் நிறுத்தினாள்.

"ஸகியா மிஸ்? முகம்மது தம்பி ஸகியா. இசட்."

"இல்ல ஐயா."

"பேர் இல்லயா?"

"தாள் இல்ல." அவளுடைய குரல் தடுமாறியது. "கடதாசிக்கும் சிக்கனம் எண்டு உத்தரவு. வாசிக்காத லிஸ்ட்டுகளின்ர பின்பக்கம் வெறுமையாக் கிடக்குது எண்டு செய்தி அடிக்க எடுத்துட்டாங்க. மேலே கிடந்தது கடைசிப் பக்கங்கள்தான். அதைத்தான் முதல்ல எடுத்திருக்காங்க. அடிச்சு முடிஞ்ச தாளையெல்லாம் எரிச்சாச்சு. அறிவித்தல் பலகையிலயும் இல்ல, நான் குப்பைக் கூடை வரைக்கும் பார்த்துட்டன். இந்தக் கிழமைத் தாளில எஸ் எழுத்துக்குப் பிறகு ஒண்டுமே இல்ல."

கடதாசி ஆலையில் பதினொரு வருசம் தோளில் தாள்கட்டுச் சுமந்தவன் உசனார்.

"அவங்க இல்ல எண்டு நினைக்காதீங்க, ஐயா," என்றாள் அவள். "இருக்கிறாங்களா இல்லையா எண்டு எனக்குத் தெரியாது எண்டுதான் சொல்றன்." அவள் அழுதாள் என்றே நினைத்தான். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பெயர்களைச் சொன்னான். ரேடியோவில் சொன்ன மாதிரியே பெயர், தகப்பன் பெயர், ஊர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் குழறி அழுதுகொண்டு கலைந்தது. கடைசியில் பெயர் சொல்லப்படாத குடும்பங்கள் மட்டும் நின்றன. ஐந்து வீட்டாருக்கு, அவனுடைய வீட்டையும் சேர்த்து ஆறுக்கு, தாள் இல்லாத கதையையும் பட்டியலில் பெயர் காணாத கதையையும் சொன்னான். அதற்குப் பிறகும் இரண்டு பேர் போகவில்லை. அதில் ஒருவர் நெசவுக்கார மீராலெவ்வை.

"என்ட மகளப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே, தம்பி?"

உசனார் தலையைக் குனிந்தான். "காக்கா, தாள ஆமிக்காரன் பறிச்சிட்டான். மனசில வச்சித்தான் சொன்னன். ஒங்கட மகள்ட பேர்... எனக்கு வரல்ல."

மீராலெவ்வை அடிக்கவில்லை, ஏசவில்லை. பள்ளிவாசல் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு, "ஜெமீலா," என்றார். "ஜெமீலாதானே. அது கஷ்டமான பேரா, தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். உசனார் அதற்குப் பிறகு அந்தச் சந்தால் போவதை விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் சின்னத்தங்கத்தின் தோணி வந்தது. அவன் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய்ச் சொன்னான். "வந்திட்டாளாம் அக்கா. கைறுன்னிஸா முகாமுக்கு வந்திட்டாளாம்."

அவள் தோணிக்குள்ளேயே மடங்கி விழுந்து அழுதாள். பிறகு திடீரென்று நிமிர்ந்து, "ஸகியா?" என்றாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டியதும் தன்னுடைய அழுகையை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டாள். அவனுக்கு முன்னால் சந்தோசப்பட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கண்ணகை ஒக்டோபரில் கொழும்பில் வந்திறங்கினாள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் பாதை இல்லாமல் அங்கேயே ஒரு முகாமில் தங்கிவிட்டாள். அவளிடம் கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. ஹவ்வா உம்மாவிடம் உசனார் எத்தனையோ முறை சொன்னான், தாள்தான் இல்லை, ஆள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை என்று. அவள் நம்பவில்லை.

"மௌத்தானவட பேர எப்படி வாசிக்கிற? அதான் தாள் இல்லண்டு சொல்லுறாங்க. ஒனக்கு விளங்கல்லயா மருமகன்?"

சோறு ஒரு பிடியிலிருந்து கஞ்சித் தண்ணீரானது. மார்கழி அடைமழையில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைத்த நாளில் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் சுபஹுத் தொழுகைக்கு முன்னர் அவள் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே மௌத்தானாள்.

ஸகியா பெப்ரவரி மாதம் வந்தாள். இராணுவத் தொடரோடு வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பொலித்தீன் பையோடு இறங்கி நடந்து வந்தாள். தலைமுடி பாதி உதிர்ந்து, கன்னம் ஒட்டி, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை உசனாருக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மூத்தவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இளையவள் தகப்பனின் சாரத்துக்குப் பின்னால் ஒளிந்தாள்.

வாசலில் இருந்தபடியே ஸகியா பேசினாள். எல்லை தாண்டும்போது காய்ச்சல் வந்து, முகாம் ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் இரண்டு மாதம் கிடந்தாளாம். பாஸ்போட் தொலைந்து அலைந்தாளாம்.

"ஆனா பேரு மட்டும் குடுக்காம இருக்கல்ல, மச்சான். ஒவ்வொரு நாளும் ஒராள் கடதாசியோட வருவார். ரேடியோவில சொல்லுவாங்க, ஊட்டுக்குத் தெரியவருமெண்டு சொல்லுவார். நேத்துத்தானே எழுதினண்டு ஏசுவார். பரவால்ல, இன்னொருக்கா எழுதுங்கண்டு சொல்லுவன். உம்மா கேட்டுட்டு இருப்பாண்டு எனக்குத் தெரியும்." அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "உம்மா எங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்று உசனாருக்குத் தோன்றியது. உன் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று சொன்னால் போதும். மூத்த மகள் பக்கத்தில் நின்று அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கல்ல, ஸகியா," என்றான். "ஒரு நாளும் கேக்கல்ல. அவங்க வாசிக்கவே இல்ல. மாமி மார்கழியில மௌத்தாகிட்டா. நீ இல்லண்டு நினைச்சிட்டுத்தான் போனா."

ஸகியா அழவில்லை. எழும்பி, வந்த செருப்போடு திரும்பவும் வீதிக்கு இறங்கினாள். உசனார் இளையவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். மையவாடி மதிலடியில் அவள் நின்றாள். பெண்கள் உள்ளே போவதில்லை. அந்த வருசம் புதைத்தவர்கள் அதிகம். மழையில் மண் இறங்கி, கபுறுகளின் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடந்தன.

"எது மச்சான்?"

"ரெண்டாவது வரிசை. முருங்கைக் கொப்பு சாஞ்சு கிடக்கே, அதுக்கு இங்கால."

"எனக்குத் தெரியல்ல."

உசனார் பிள்ளையை மதிலில் இருத்திவிட்டு உள்ளே போனான். முருங்கைக் கொப்பை இழுத்து ஒருபக்கம் போட்டான். சரிந்து கிடந்த கட்டையை நிமிர்த்தி, சேற்றை மிதித்து இறுக்கி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்த்துவிட்டாள் என்பது, மதிலைப் பிடித்திருந்த கைகளை எடுத்து அவள் துஆ கேட்க ஏந்தியதில் அவனுக்குத் தெரிந்தது.